கெட்டிப் பாறைதான் வெடிக்கும்

எங்கள் லைன் வீட்டில் அடுப்புக்கு மேலே ஒரு பலகை இருந்தது. அம்மா அதில் பித்தளைச் சொம்புகளை வரிசையாகக் கவிழ்த்து வைத்திருப்பார். ராத்திரியில் அந்தச் சொம்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். அதற்கு முன்பே தரை எங்களை ஒரு தூக்குத் தூக்கிப் போட்டிருக்கும். ஆனால் தூக்கத்தில் இருந்த எனக்குச் சொம்புச் சத்தம்தான் ஞாபகத்தில் நிற்கும். கூரையிலிருந்து தூசி கொட்டும். நாய்கள் குரைக்கும். அம்மா எழுந்து கதவைத் திறப்பார்.

வெளியே லைன் முழுக்க ஆட்கள் நிற்பார்கள். "என்ன ஆச்சு?" என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். எல்லார் முகமும் தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் பக்கம் திரும்பியிருக்கும். இருட்டில் அந்த இரும்புக் கோபுரத்தின் விளக்கு மட்டும் தெரியும். பெண்கள் விரல் விட்டு எண்ணுவார்கள். நம் லைனில் இன்றைக்கு யார் யார் நைட் ஷிப்ட்? முனை வீட்டு அண்ணன், எதிர் வீட்டு மாமா, பின் வரிசையில் இரண்டு பேர், அப்புறம் எங்கள் நைனா. எண்ணி முடித்த பிறகும் யாரும் உள்ளே போக மாட்டார்கள். ஷிப்ட் முடிந்து, சங்கு ஊதி, கேஜில் ஏறி ஆட்கள் மேலே வரும் வரை அந்த லைனில் அடுப்பு பற்றாது.

வெளியூர்க்காரர்கள் அதைப் பூகம்பம் என்பார்கள். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் பர்ஸ்ட். ராக் பர்ஸ்ட், அதாவது சுரங்கத்தில் பாறை வெடிப்பது, என்பதில் பாதி. கோலார் தங்கவயலில் பிறந்த பிள்ளைகள் அம்மா, நைனா, சங்கு என்ற சொற்களோடு சேர்த்தே இந்தச் சொல்லையும் கற்றுக்கொண்டோம்.

இப்போது நான் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கேயாவது பெரிய பூகம்பம் வந்து டிவியில் இடிந்த கட்டடங்களைக் காட்டும்போதெல்லாம் ஆசிரியர்கள் அறையில் ஒரு பேச்சு வரும்: "நமக்கெல்லாம் பயமில்லைம்மா, நம்ம தென்னிந்தியா கெட்டிப் பாறை." சொல்கிறவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இதைக் கேட்கும்போது என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. தெற்கில் பூகம்பம் குறைவு என்பது உண்மை. பாறை கெட்டி என்பதும் உண்மை. கெட்டியாக இருப்பதால்தான் குறைவு என்பது மட்டும் தப்பு. கெட்டிப் பாறை என்ன செய்யும் என்பதை நான் பாடப்புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே எங்கள் நைனா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

நைனா டிம்பர்மேன். தங்கம் இருக்கும் பாறையை வெட்டியெடுத்த இடத்தை ஸ்டோப் என்பார்கள். அந்தக் காலி இடத்தின் மேற்பக்கம் விழுந்துவிடாமல் மரக்கட்டைகளை முட்டுக் கொடுப்பது அவர் வேலை. கட்டையைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குவது, பிற்காலத்தில் செதுக்கிய கருங்கல்லைச் சுவர்போல அடுக்கி நிரப்புவது, இரண்டிலும் கூட இருந்திருக்கிறார். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. உலகத்திலேயே மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று என்று பேர் வாங்கியது. லெவலுக்கு எண் உண்டு. ஒரு லெவலுக்கும் அடுத்ததற்கும் ஏறத்தாழ நூறு அடி. "தொண்ணூத்தெட்டுல வேலை" என்று அவர் சொன்னால் அந்த ஆழம் எவ்வளவு என்று எனக்கு அப்போது தெரியாது. அடியில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். மேலே இருந்து குளிர்ந்த காற்றை அனுப்பிக்கொண்டே இருந்தால்தான் அங்கே நிற்கவே முடியும்.

அவர் அடிக்கடி சொன்ன ஒரு வாக்கியம் உண்டு: "மரம் அழுதுட்டுத்தாம்மா சாவும். கல்லு சொல்லாம சாவும்."

சுமை ஏற ஏற மரக்கட்டை முனகும், நார் பிரியும், கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும். காதில் விழுந்ததும் ஆட்கள் விலகிவிடலாம். பாறை அப்படியில்லை. எவ்வளவு ஏற்றினாலும் அசையாமல் நிற்கும், ஒரு நொடியில் வெடித்துச் சிதறும். அவர் பயந்தது கெட்டியான பாறைக்குத்தான். கையால் உதிர்க்கக்கூடிய, ஈரமாக வழுவழுவென்று இருக்கும் பாறை வந்தால் முட்டுக் கொடுப்பது கஷ்டம், ஆனால் திடீரென்று வெடிக்காது என்பார். அது மெல்ல மெல்லத் துளைக்குள் பிதுங்கிவரும். தினமும் கண்ணால் பார்க்கலாம்.

எதிர் வீட்டு மாமா ஒரு பர்ஸ்டில்தான் போனார். எந்தச் சுரங்கம், எந்த வருடம் என்றெல்லாம் இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. அன்றைக்கு அதே ஷிப்டில் இருந்த நைனா வீடு வந்து இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சொன்னார்: "காலையிலதான் தட்டிப் பார்த்தோம். கணீர்னு இருந்துச்சு." கணீரென்று சத்தம் வந்தால் விரிசல் இல்லாத நல்ல பாறை என்று அர்த்தம். சுரங்கத்தில் இறங்கும் எல்லாரும் கம்பியால் பாறையைத் தட்டிச் சத்தம் கேட்பார்கள். டொப்பென்று கேட்டால் உள்ளே பிளந்திருக்கிறது, விழும். கணீரென்ற பாறை எப்படி அப்படிச் செய்தது என்பதுதான் அவருக்கு ஆறவே இல்லை. நான் இயற்பியல் எடுத்ததற்கு அந்தக் கேள்விதான் காரணம். 

இப்போது எனக்குக் கொஞ்சம் தெரியும். அவரிடம் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

ஒரு கன மீட்டர் கருங்கல் ஏறத்தாழ 2.7 டன். 3 கிலோமீட்டர் ஆழத்தில் நிற்கும் பாறையின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும், அதாவது கட்டைவிரல் நகம் அளவு இடத்தின் மேல், 800 கிலோ சுமை இருக்கிறது. நல்ல கருங்கல் அதே அளவு இடத்தில் ஏறத்தாழ 2 டன் தாங்கும். அப்படியானால் பயமில்லையே என்று தோன்றும். துளை போடாத வரை பயமில்லைதான். பாறையை வெட்டி எடுத்துவிட்டோம் என்றால், அது தாங்கிக்கொண்டிருந்த சுமை எங்கேயும் காணாமல் போகாது. பக்கத்தில் மிச்சமிருக்கும் பாறையின் தோளில் போய் ஏறும். ஜெர்மானியப் பொறியாளர் எர்ன்ஸ்ட் கிர்ஷ் 1898-இல் இதற்குக் கணக்குப் போட்டார். எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தும் இடத்தில் ஒரு வட்டத் துளை போட்டால் துளையின் ஓரத்தில் சுமை இரண்டு மடங்காகும். ஒரே திசையிலிருந்து மட்டும் அழுத்தினால் மூன்று மடங்காகும். 800-ஐ இரண்டாலோ மூன்றாலோ பெருக்கிப் பாருங்கள். கருங்கல்லின் எல்லையைத் தொட்டுவிட்டோம். அதனால்தான் ஆழம் போகப்போகப் பர்ஸ்ட் கூடியது. இரண்டு பக்கமும் வெட்டிவிட்டு நடுவில் தூண்போல விட்டுவைத்த பாறைதான் மிக ஆபத்து என்று நைனா சொன்னதும் இந்தக் கணக்குதான்.

அடுத்தது, பாறை சுமையைச் சும்மா தாங்குவதில்லை, சுருங்கித் தாங்குகிறது. 800 கிலோ சுமையில் ஒரு மீட்டர் நீளக் கருங்கல் சுமார் ஒரு மில்லிமீட்டர் சுருங்கும். கண்ணுக்குத் தெரியாத சுருக்கம். ஆனால் அது வில்லை வளைத்துப் பிடிப்பது மாதிரி. விட்டால் திரும்பும். எவ்வளவுக்கெவ்வளவு கெட்டியோ அவ்வளவு அதிகமாக வளைத்துப் பிடிக்கலாம், அவ்வளவு அதிகமான சக்தி உள்ளே அடைபட்டிருக்கும். மென்மையான பாறை கொஞ்சம் சுமை ஏறியதுமே நழுவி நழுவிச் செலவழித்துவிடும், சேர்த்து வைக்காது. அன்றைக்கு நைனா தட்டிய பாறையின் கணீர் சத்தத்துக்கு அர்த்தம் அதுதான். முழுப் பாறை, முழுதாகச் சேர்த்து வைத்திருந்தது.

சுரங்கத்துக்கும் பூகம்பத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது என்று எங்கள் ஊரில் வெகு காலம் முன்பே தெரிந்திருந்தது. பூகம்பத்தைப் பதிவுசெய்யும் கருவியைப் போன நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தங்கவயலில் வைத்துவிட்டார்கள். 1970-களின் கடைசியில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தினர் வந்து சுரங்கத்தைச் சுற்றி ஜியோஃபோன்களைப் பதித்தார்கள். பாறை முனகுவதை எண்ணுவதற்கான காதுகள் அவை. ஒரு பர்ஸ்டின் கோடும் ஒரு சிறிய பூகம்பத்தின் கோடும் காகிதத்தில் ஒரே மாதிரிதான் இருக்கும். அளவுதான் வேறு.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசமும் உண்டு. இதைப் புரிந்துகொள்ள எனக்கே பல வருடம் ஆனது. சுரங்கத்தின் ஓரத்தில் முழுப் பாறை புதிதாக உடைகிறது. பூமிக்குள் நடக்கும் பூகம்பத்தில் பெரும்பாலும் புதிதாக எதுவும் உடைவதில்லை. ஏற்கெனவே எப்போதோ உடைந்த இடம்தான் நழுவுகிறது. அந்தப் பழைய உடைப்பைப் பிளவு என்று வைத்துக்கொள்வோம்.

லைன் வீட்டில் எங்கள் இரும்பு பீரோவை நகர்த்தியது ஞாபகம் வருகிறது. அக்காவும் நானும் சேர்ந்து தள்ளுவோம். அசையாது. இன்னும் தள்ளுவோம். அசையாது. பல்லைக் கடித்துத் தள்ளும்போது திடீரென்று ஒரு ஜாண் நகர்ந்து கிரீச்சென்று நிற்கும். அப்புறம் மறுபடி அசையாது. நாங்கள் தள்ளியது ஒரே சீராக, அது நகர்ந்தது விட்டு விட்டு. 1966-இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் வில்லியம் பிரேஸும் ஜேம்ஸ் பையர்லியும் கருங்கல் துண்டுகளை எந்திரத்தில் வைத்து நெருக்கியபோது இதையே பார்த்தார்கள். பிளவுபட்ட கருங்கல்லின் இரு பாதிகளும் ஆழத்தில் இருக்கும் அழுத்தத்தில் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிப் போகவில்லை. ஒட்டி நின்றன, சட்டென்று நழுவின, மறுபடி ஒட்டின. பூகம்பம் இப்படித்தான் வருகிறது என்று அவர்கள் சொன்னார்கள். அப்புறம் பையர்லி விதவிதமான பாறைகளைச் சோதித்துவிட்டு இன்னொன்றும் கண்டார். கருங்கல்லோ சுண்ணாம்புக்கல்லோ, பெரும்பாலான பாறைகளின் உராய்வு கிட்டத்தட்ட ஒரே அளவு. சில களிமண் வகைகள்தான் விதிவிலக்கு. அவை சோப்புப் போட்ட தரை மாதிரி.

இந்த விதிவிலக்கை நேரில் பார்க்க ஓர் இடம் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவு. அதன் வடக்குத் துண்டு 1906-இல் ஒரே காலையில் நழுவியது, சான் ஃபிரான்சிஸ்கோ நகரம் அழிந்தது. ஒரு சாலை 20 அடி விலகிப்போய் நின்றது. அந்தப் பகுதியின் நில அளவைக் கணக்குகளைப் பழையதும் புதியதுமாக ஒப்பிட்டுத்தான் ஹாரி ரீட் என்பவர் 1910-இல், நிலம் பல காலமாக வளைந்து வளைந்து சக்தியைச் சேர்த்து, ஒருநாள் நிமிர்ந்துவிடுகிறது என்று எழுதினார். ஆனால் அதே பிளவு கொஞ்சம் தெற்கே போனால் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. அதன் கிளையான கலவேராஸ் பிளவு ஓடும் ஹாலிஸ்டர் என்ற ஊரில் நடைபாதைக் கற்களும் மதில்களும் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்துகொண்டே போகின்றன. அந்தப் பக்கத்திலிருந்து தெற்கே பார்க்ஃபீல்டு வரை சான் ஆண்ட்ரியாஸ் பிளவும் ஊர்ந்துகொண்டே இருக்கிறது, பெரிதாகச் சேர்த்து வைப்பதில்லை. பார்க்ஃபீல்டு பக்கம் 3 கிலோமீட்டர் அளவு துளை போட்டு அந்தப் பிளவின் சதையையே வெளியே எடுத்துப் பார்த்தார்கள். சப்போனைட் என்ற வழுவழுப்பான களிமண். இந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு நைனாவின் ஈரமான வழுவழு பாறைதான் என் கண்ணில் நின்றது.

சரி, எவ்வளவு ஆழம் வரை பாறை இப்படி ஒட்டி ஒட்டி நழுவும்? சுரங்கத்தில் இறங்க இறங்கச் சூடு ஏறுகிற மாதிரியே அதற்குக் கீழேயும் ஏறிக்கொண்டே போகிறது. ஏறத்தாழ 300 டிகிரியில் கருங்கல்லில் இருக்கும் குவார்ட்ஸ் என்ற தாது இளக ஆரம்பிக்கிறது. உருகுவதில்லை, திடப்பொருளாக இருந்துகொண்டே பல ஆயிரம் ஆண்டுகளில் மெல்ல வடிவம் மாறுகிறது. அதிலேயே இருக்கும் இன்னொரு தாதுவான ஃபெல்ட்ஸ்பாருக்கு இன்னும் சூடு வேண்டும், 450 டிகிரி போல. கண்டங்களின் மேலோட்டில் இந்தச் சூடு பொதுவாக 15 கிலோமீட்டரைச் சுற்றி வருகிறது. அதற்கு மேலே உடையும் பாறை, கீழே நெளியும் பாறை. கண்டங்களில் வரும் பெரும்பாலான பூகம்பங்கள் மேலே இருக்கும் அந்த உடையும் தட்டில்தான் பிறக்கின்றன. கீழே நெளிந்துகொண்டிருக்கும் பாறை மேலே இருக்கும் தட்டைச் சளைக்காமல் இழுத்துக்கொண்டே இருக்கிறது. பீரோவைத் தள்ளும் கை அதுதான்.

நெளிந்த பாறையைப் பார்க்க ஆசையா? எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வெட்டியெடுக்கும் பாரடைசோ கிரானைட்டைப் பாருங்கள். பலர் வீட்டுச் சமையல் மேடையில் அது இருக்கும். கறுப்பும் சிவப்புமாக, கோலமாவைத் தண்ணீரில் விட்டுக் கலக்கிய மாதிரி சுழிகள். அந்தச் சுழிகளெல்லாம் அது பல கிலோமீட்டர் ஆழத்தில் சூடாகக் கிடந்தபோது விழுந்தவை. தங்கவயலின் பாறையும் அப்படித்தான். ஏறத்தாழ 270 கோடி ஆண்டு வயது. தங்கம் இருந்த குவார்ட்ஸ் ரீஃபே, அதாவது பாறைக்குள் ஓடிய குவார்ட்ஸ் பட்டையே, சில இடங்களில் பாய் மடித்த மாதிரி மடிந்து கிடந்தது. ஒரு காலத்தில் மெழுகுபோல மடிந்த அதே பாறை, மேலே வந்து ஆறிய பிறகு, நைனாவின் காலத்தில் கண்ணாடிபோல வெடித்தது. ஒரே பாறைக்கு இரண்டு குணம். எந்தக் குணத்தைக் காட்டும் என்பதைச் சூடும் அழுத்தமும் சுமை ஏறும் வேகமும் சேர்ந்து முடிவு செய்கின்றன. என் வகுப்பில் இதைச் சொல்ல ஒரு பாரடைசோ துண்டை மேஜையிலேயே வைத்திருக்கிறேன்.

இதற்கு ஒத்துவராத பூகம்பங்களும் இருக்கின்றன. கடல்தட்டு ஒன்று இன்னொன்றின் கீழே புதைந்து இறங்கும் இடங்களில் 600, 700 கிலோமீட்டர் ஆழத்திலும் நில அதிர்வு வருகிறது. 1920-களில் ஜப்பானின் கியோ வாடாட்டி இதைக் கண்டுபிடித்தார். 2013 மே மாதம் ஒக்கோட்ஸ்க் கடலுக்கு அடியில் 600 கிலோமீட்டருக்கும் கீழே 8.3 அளவில் ஒன்று வந்து மாஸ்கோ வரை உணர்ந்தார்கள். அந்த அழுத்தத்தில் பீரோ நழுவவே முடியாது. தாதுக்கள் தங்களுக்குள் பிடித்து வைத்திருக்கும் தண்ணீரைக் கக்குவதும், ஆலிவின் என்ற தாது இன்னும் நெருக்கமான வடிவத்துக்குச் சட்டென்று மாறுவதும் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். விவாதம் இன்னும் ஓயவில்லை. நான் பிழைத்தது மேல்தட்டில், அதனால் மேலே வருகிறேன்.

மேல்தட்டைப் பற்றித் தெரிந்த விஷயங்களில் என்னை மிகவும் கலங்கடித்தது ஓர் எண். ஒரு பூகம்பத்தில் பிளவின் மேலிருந்து இறங்கும் சுமை எவ்வளவு தெரியுமா? பெரும்பாலும் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10-இலிருந்து 100 கிலோ. அவ்வளவுதான். 3 கிலோமீட்டர் ஆழத்திலேயே 800 கிலோ இருக்கிறது என்று மேலே எழுதினேன். ஊர்களைத் தரைமட்டமாக்கும் நடுக்கம் அந்தச் சுமையின் ஒரு சின்னப் பங்கு இறங்குவதால் வருகிறது. பரப்பு பெரிதாக இருப்பதால்தான் அந்த நாசம். 2004 டிசம்பர் 26-இல் சுமத்ராவுக்கு அப்பால் நழுவிய பிளவின் நீளம் சுமார் 1,300 கிலோமீட்டர்.

இன்னொரு பக்கம் பார்த்தால், மேலோட்டில் ஆழமாகத் துளை போட்டு அளந்த பெரும்பாலான இடங்களில் பழைய பிளவுகள் நழுவும் நிலைக்கு ரொம்பப் பக்கத்தில்தான் நிற்கின்றன. கண்டத்தின் நடுவிலும் அப்படித்தான். இந்தியத் தட்டு வருடத்துக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வடக்கே போய் ஆசியாவை முட்டுகிறது. அந்த நெருக்கல் இமயமலையோடு நின்றுவிடவில்லை, தட்டு முழுவதும் இருக்கிறது. தெற்கில் சுமை ஏறும் வேகம் மிக மிகக் குறைவு. அதனால்தான் இங்கே பூகம்பம் அரிது. அரிது என்றால் இல்லை என்று ஆகாது.

1993 செப்டம்பர் 30 விடியற்காலை நான்கு மணிக்குச் சற்று முன்பு மராட்டியத்தின் லாத்தூர் மாவட்டத்தில் கில்லாரி ஊர் அழிந்தது. 6.2 அளவு. ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். முந்தைய நாள்தான் பிள்ளையார் கரைப்பு முடிந்து எல்லாரும் அசந்து தூங்கியிருந்தார்கள். அதுவும் எல்லாரும் அசையாத கெட்டி நிலம் என்று நம்பிய இடம். நான் அப்போது கல்லூரியில் இருந்தேன். நைனா பேப்பரில் வந்த படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். கனமான கற்களை மண் சாந்தில் அடுக்கிய சுவர்கள், மேலே கட்டை போட்டு மண் கொட்டிய கூரை. "சுவர்ல ஒண்ணோட ஒண்ணு பிடிப்பே இல்லையே" என்றார். வாழ்க்கை முழுக்கக் கல் அடுக்கிய மனிதர், முதலில் பார்த்தது அதைத்தான். பாறை நழுவுவதை நாம் நிறுத்த முடியாது, சுவரை மாற்றலாம் என்பதை நான் எந்தப் புத்தகத்திலிருந்தும் கற்கவில்லை.

பக்கத்திலிருக்கும் பிளவை மனிதர்களே தட்டிவிடவும் முடியும். தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கங்கள் எங்கள் ஊரைவிட ஆழமானவை. 2005 மார்ச்சில் ஸ்டில்ஃபான்டைன் ஊரை ஆட்டிய 5.3 அளவு நடுக்கம், சுரங்கம் தோண்டிய பகுதியில் இருந்த ஒரு பழைய பிளவு நழுவியதால் வந்தது. துளையின் ஓரத்தில் கல் சிதறுவது ஒரு வகை என்றால், துளையால் சுமை மாறி, பக்கத்தில் உறங்கிய பிளவு எழுந்துகொள்வது இன்னொரு வகை.

தண்ணீர் அதைவிட அமைதியாகத் தட்டிவிடும். மராட்டியத்தின் கொய்னா அணையில் 1962 வாக்கில் தண்ணீர் தேக்க ஆரம்பித்ததும் சின்னச் சின்ன அதிர்வுகள் வந்தன. 1967 டிசம்பர் 11 விடியற்காலை 6.3 அளவில் பெரியது வந்தது, ஏறத்தாழ 200 பேர் இறந்தார்கள். தண்ணீரின் எடை ஒரு காரணம். அதைவிட முக்கியம், பிளவுக்குள் இறங்கும் தண்ணீரின் அழுத்தம். அது இரண்டு பக்கத்தையும் உள்ளிருந்து தள்ளி, பிடியைத் தளர்த்துகிறது. பீரோவை நாங்கள் தள்ளிக்கொண்டிருக்கும்போது யாரோ அடியில் நெம்புகோல் கொடுத்துக் கொஞ்சம் தூக்கிவிடுகிற மாதிரி. தள்ளுவது தண்ணீர் இல்லை. ஏற்கெனவே தள்ளிக்கொண்டிருப்பதற்கு அது வழிவிடுகிறது. கொய்னாவில் இன்றும் அதிர்வு ஓயவில்லை. அந்த நிலத்தின் குணத்தை நேரில் பார்க்க அங்கே 3 கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டு, 2017-இல் முடித்தார்கள். மேலே 1.2 கிலோமீட்டருக்கு எரிமலைப் பாறை, அதன் கீழே நம் பக்கத்துப் பாறைக்குச் சொந்தக்காரனான பழைய கிரானைட். நூறு மைல் தள்ளி நின்று கேட்காமல், பக்கத்திலேயே போய்ப் பாறையின் மேல் காது வைக்கும் முயற்சி. இதைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு பூரிப்பு வருகிறது. நைனா கம்பியால் தட்டியதும் இதற்குத்தானே?

2001 பிப்ரவரி 28-இல் தங்கவயல் சுரங்கங்களை மூடினார்கள். குஜராத்தில் பூஜ் பூகம்பம் வந்து அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பம்புகள் நின்றன. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இறைத்துக்கொண்டிருந்த தண்ணீர் அடி லெவல்களிலிருந்து மேலே ஏற ஆரம்பித்தது. நைனாவும் அம்மாவும் லைன் வீட்டை விட்டு வரமாட்டோம் என்று அங்கேயே இருந்தார்கள். நான் விடுமுறைக்குப் போவேன். ஊர் அமைதியாக இருந்தது. சங்கு ஊதுவதில்லை. தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மேட்டிலிருந்து காற்றில் மண் மட்டும் பறந்துகொண்டிருந்தது.

சுரங்கம் மூடிய சில வருடம் கழித்து ஒரு மழைக்காலம். நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்த ராத்திரி. நான் பாயில் படுத்திருந்தேன். தரை தூக்கிப் போட்டது. பலகையில் சொம்புகள் கிணுகிணுத்தன. ஒரு நிமிடம் எனக்கு வயது பத்து. அப்புறம் விழிப்பு வந்ததும் புரிந்தது. கீழே வெறும் ஸ்டோப்களில் தண்ணீர் ஏறுகிறது, பழைய பிளவுகளின் பிடி தளர்கிறது, சேர்த்து வைத்த மிச்சத்தைப் பாறை இப்போது இறக்குகிறது. யாரும் தோண்டாவிட்டாலும் அது நடக்கும். எனக்குக் கொய்னா ஞாபகம் வந்தது. நைனாவிடம் சொல்லலாம் என்று எழுந்தேன்.

அவர் ஏற்கெனவே வாசலில் நின்றுகொண்டிருந்தார். லைன் முழுக்க ஆட்கள் வெளியே வந்திருந்தார்கள். பாதி வீடுகள் காலியாகிப்போனதால் கூட்டம் குறைவு. எல்லார் முகமும் ஷாஃப்ட் பக்கம் திரும்பியிருந்தது. கோபுரத்தில் விளக்கு இல்லை. அம்மா என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் கட்டைவிரல் மற்ற விரல்களின் மேல் ஒவ்வொன்றாக நகர்ந்துகொண்டிருந்தது. முனை வீடு, பின் வரிசை, எங்கள் வீடு. நைனா திரும்பிப் பார்த்தார்.

"கீழ யாரும் இல்லம்மா" என்றார். அம்மா தலையாட்டினார். ஆனாலும் ஒருவரும் உள்ளே போகவில்லை. விடிகிற வரை அங்கேயே நின்றோம்.